பாகியான்: முதுமையில் ஒரு நெடும்பயணம்

நுழையும்முன்

பயணம் மேற்கொண்டோர் பலர். பயணத்தை எழுதி வைத்தோர் சிலர். அச்சிலருள்ளும், பிறர் ஓய்வை நாடும் வயதில் புறப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் அலைந்து, கண்டவற்றைக் கண்டவாறே எழுதி வைத்தவர் சீனத் துறவி பாகியான். ஒரு நூலைத் தேடிச் சென்ற அவர், தாமே ஒரு நூலுக்கு ஆசிரியரானார். அவ்வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் துறவும்

பாகியான் கி.பி. நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், சீனாவின் இன்றைய ஷான்சி மாநிலப் பகுதியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த ஆண்மக்கள் மூவரும் பால்மணம் மாறும் முன்னரே இறந்துபோயினர். நான்காவது பிள்ளையாவது உயிர்பிழைக்க வேண்டும் என்று விரும்பிய தந்தை, மூன்று வயதிலேயே அவரைப் பௌத்த சமயத்திற்கு ஒப்படைத்தார். ஆயினும் பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் வீட்டிலேயே வளர்த்தார். ஒருமுறை குழந்தை கடும்நோயுற்றபோது மடத்திற்கு அனுப்பினர். அங்கு நலம்பெற்ற சிறுவன், மீண்டும் வீடு திரும்ப மறுத்துவிட்டான்.

பத்து வயதில் தந்தையை இழந்தார். தாய் தனித்திருப்பதைக் கூறி, துறவைக் கைவிட்டு வீட்டிற்கு வருமாறு சிற்றப்பன் வற்புறுத்தினார். தந்தையின் விருப்பத்திற்காக மட்டும் தாம் துறவு பூணவில்லை என்றும், உலக வாழ்வின் ஆரவாரத்திலிருந்து விலகியிருப்பதே தம் விருப்பம் என்றும் சிறுவர் உறுதியாகக் கூறினார். சில காலத்தில் தாயும் மறைந்தார். ஈமக்கடன்களை முடித்த மகன் மீண்டும் மடத்தையே அடைந்தார்.

அவருடைய இளமைக்காலத்து நிகழ்ச்சி ஒன்று பின்னாளில் எழுதப்பெற்ற துறவியர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இளந்துறவியர் சிலர் மடத்துக்குரிய வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தபோது, பசியால் வாடிய கள்வர் நெல்லைப் பறிக்க வந்தனர். மற்றவர் அஞ்சி ஓடினர். பாகியான் ஒருவரே அசையாமல் நின்றார். வேண்டிய அளவு நெல்லை எடுத்துக்கொள்ளுமாறு கூறிய அவர், முற்பிறப்பில் ஈயாமையால் வந்த வறுமையை இப்பிறப்பில் களவால் பெருக்கிக்கொள்கிறார்களே என்று தாம் வருந்துவதையும் தெரிவித்தார். கள்வர் நெல்லைத் தொடாமலே சென்றனர் என்பது அவ்வரலாறு. அஞ்சாமையும் அமைதியும் அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தன என்பதை இது காட்டுகிறது.

பயணத்தின் நோக்கம்

பௌத்த நூல்கள் மூன்று பிடகங்களாக வகுக்கப்பட்டவை. அவற்றுள் துறவியர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்க விதிகளைக் கூறுவது விநய பிடகம். சீனாவில் அக்காலத்தில் மடங்கள் பெருகின, துறவியரும் பெருகினர். ஆனால், அவர்கள் எவ்வாறு உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், கூடி வாழ வேண்டும், பிழை செய்தவர் எவ்வாறு திருந்த வேண்டும் என்பவற்றைக் கூறும் விநய நூல்கள் அங்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. விதியறியாமல் துறவு வாழ்க்கை வாழ்வது பாகியானை வருத்தியது. மூலநூல்களைத் தேடி இந்தியாவிற்கே செல்வதென்று அவர் முடிவு செய்தார்.

கி.பி. 399ஆம் ஆண்டில் துறவியர் நால்வருடன் சாங்கான் நகரிலிருந்து அவர் புறப்பட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது. அவர் அரசனின் தூதராகச் செல்லவில்லை. வணிகப் பொருளும் கொண்டு செல்லவில்லை. பெரும்பகுதி வழியைக் கால்நடையாகவே கடந்தார். வழியில் வேறு சில துறவியரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர்.

மணற்கடலும் பனிமலையும்

சீனாவின் மேற்கு எல்லையில் துன்ஹுவாங் நகரம் இருந்தது. அந்நகர ஆட்சியாளர் பாலைவனத்தைக் கடப்பதற்கு வேண்டிய பொருள்களைக் கொடுத்து உதவினார். அதன்பின் பதினேழு நாள்கள் மணல்வெளியில் நடந்தனர். அங்கு வானில் பறவை இல்லை. நிலத்தில் விலங்கு இல்லை. திசை காட்டும் அடையாளமும் இல்லை. முன்னர் அவ்வழியே சென்று மடிந்தவர்களின் எலும்புகளே வழியைக் காட்டின என்று பாகியான் பதிவு செய்துள்ளார். மற்றொரு பாலைநிலத்தைக் கடந்து கோட்டான் நாட்டை அடைவதற்கு ஒரு மாதமும் ஐந்து நாள்களும் ஆயின.

கோட்டான் பௌத்தம் செழித்த நாடு. அங்குள்ள கோமதி விகாரையில் மூவாயிரம் துறவியர் இருந்தனர். அவர்கள் உணவுக்கூடத்தில் நுழையும்போதும் அமரும்போதும் நிலவிய ஒழுங்கையும் அமைதியையும் பாகியான் குறித்து வைத்தார். ஒழுக்கநூல் தேடிச் சென்ற அவருடைய கண்கள் எங்கும் ஒழுக்கத்தையே முதலில் கண்டன.

பின்னர்ப் பாமீர் மலைத்தொடர் குறுக்கிட்டது. கோடையிலும் பனி உருகாத மலை அது. அதனைக் கடந்து சிந்து ஆற்றின் பள்ளத்தாக்கை அடைந்தபோது, செங்குத்தான பாறைச்சரிவில் முன்னோர் வெட்டியிருந்த எழுநூறு படிகளில் இறங்க நேர்ந்தது. கீழே ஆற்றைக் கயிற்றுப் பாலத்தின் மீது கடந்தனர். இவ்வாறு வட இந்தியாவை அடைந்த பாகியான், காந்தாரம், தட்சசீலம், புருசபுரம் ஆகிய இடங்களைக் கண்டார். புருசபுரமே இன்றைய பெஷாவர். கனிஷ்கர் எழுப்பிய பெருந்தூபியை அங்கு அவர் வியந்து நோக்கினார்.

உடன்வந்தோர் ஒவ்வொருவராகக் குறைந்தனர். வழிச்செலவுக்குப் பொருள் தேடிச் சிலர் பாதியிலேயே பிரிந்தனர். சிலர் புருசபுரத்தோடு தாயகம் திரும்பினர். சிறு பனிமலை என்று அவர் குறிப்பிடும் மலையைக் கடக்கும்போது கடுங்குளிர்க் காற்று வீசியது. உடன்வந்த ஹுய்ஜிங் என்னும் துறவி வாயில் நுரை தள்ளி வீழ்ந்தார். தம்மைவிட்டு விரைந்து செல்லுமாறும், தாமதித்தால் அனைவரும் மடிய நேரும் என்றும் கூறி அவர் உயிர்நீத்தார். அவருடைய உடலைத் தடவிப் பாகியான் கதறி அழுதார். பின்னர்த் தம்மைத் தேற்றிக்கொண்டு மலையைக் கடந்தார்.

நடுநாட்டில் கண்டவை

மதுராவுக்குத் தெற்கே பரந்திருந்த கங்கைச் சமவெளியைப் பாகியான் நடுநாடு என்று குறிப்பிடுகிறார். அப்போது அங்கு ஆட்சி புரிந்தவர் குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தர். பாகியானின் நூலில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனால், அவர் ஆட்சியில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறது. மக்கள் தலைவரி செலுத்தவில்லை; விரும்பிய இடத்திற்குச் செல்லவும் விரும்பிய இடத்தில் தங்கவும் தடையில்லை; குற்றவாளிகளுக்குப் பெரும்பாலும் தண்டமே விதிக்கப்பட்டது; சந்தையில் சோழிகள் காசாகப் பயன்பட்டன என்னும் செய்திகளை அவர் தருகிறார்.

அதே பக்கத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. சண்டாளர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தனர். நகரத்திற்குள்ளோ சந்தைக்குள்ளோ நுழையும்போது, பிறர் தங்களைத் தொடாமல் விலகிச் செல்வதற்காக ஒரு மரத்துண்டைத் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. நல்லாட்சி என்று புகழத்தக்க நாட்டில் இக்கொடுமையும் இருந்தது. அவர் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கவில்லை. தீண்டாமையின் பழமையை ஆராய்வோர்க்கு அவர் எழுதிய அந்தச் சில வரிகள் இன்றும் சான்றாக விளங்குகின்றன.

புத்தர் பல ஆண்டுகள் தங்கியிருந்த சிராவஸ்தியின் ஜேதவனத்தைப் பாகியானும் தாவோசெங் என்னும் துறவியும் அடைந்தனர். சீனாவிலிருந்து துறவியர் வந்திருப்பதை அறிந்த அங்கிருந்தோர் வியந்தனர். தொலைவான எல்லைநாட்டிலிருந்து அறத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவர்களை அவர்கள் அதுவரை கண்டதில்லை. பாகியானுக்கோ, புறப்பட்டபோது உடனிருந்து இப்போது இல்லாதவர்களின் நினைவே மேலோங்கியது.

புத்தர் வளர்ந்த கபிலவஸ்து பாழடைந்து கிடந்தது. ஒருசில துறவியரும் சில குடும்பங்களுமே அங்கு வாழ்ந்தனர். பாதைகளில் யானைகளுக்கும் சிங்கங்களுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. இத்தனை துன்பங்களுக்குப் பின் கண்ட இடம் பாழாகிக் கிடந்ததைப் பாகியான் அவ்வாறே எழுதினார். இல்லாத சிறப்பை ஏற்றிக் கூறவில்லை.

ஏடுகளைப் படியெடுத்த ஆண்டுகள்

அசோகரின் தலைநகராக இருந்த பாடலிபுத்திரத்தில் பாகியான் மூன்று ஆண்டுகள் தங்கினார். அங்கு ஆண்டுதோறும் இருபது தேர்கள் அணிவகுத்த விழாவை அவர் விரித்துரைத்துள்ளார். செல்வர் அமைத்திருந்த இலவச மருத்துவ நிலையங்களையும் குறிப்பிட்டுள்ளார். வறியோரும் ஆதரவற்றோரும் உடற்குறை உடையோரும் அங்குச் சென்றனர். மருத்துவர் நோயை ஆராய்ந்து உணவும் மருந்தும் அளித்தனர். நலமடைந்தோர் தாமே வீடு திரும்பினர்.

அவர் தேடிவந்த நூல்களும் அந்நகரில்தான் கிடைத்தன. வட இந்தியாவில் விநயம் ஆசிரியர் வாய்மொழியாக மாணவர்க்குச் சொல்லும் முறையிலேயே வழங்கியது. எழுதப்பட்ட ஏடு கிடைக்காததால் அவர் மேலும் தெற்கு நோக்கி வர நேர்ந்தது. பாடலிபுத்திரத்து விகாரை ஒன்றில் மகாசாங்கிகப் பிரிவினரின் விநய நூல் ஏட்டில் கிடைத்தது. அதைப் படியெடுக்க வேண்டுமானால் முதலில் மொழியறிய வேண்டும். அறுபது வயதைக் கடந்திருந்த அத்துறவி மாணவனாக அமர்ந்து வடமொழி கற்றார். வடமொழி எழுத்துகளை எழுதப் பழகினார். பின்னர் ஒவ்வோர் ஏடாகத் தம் கையாலேயே படியெடுத்தார்.

நடுநாட்டுத் துறவியரின் ஒழுங்கைக் கண்ட தாவோசெங், இனித் தாயகம் திரும்புவதில்லை என்று முடிவு செய்து அங்கேயே தங்கிவிட்டார். பாகியானின் நோக்கம் வேறு. விநயத்தைத் தம் நாட்டிற்குக் கொண்டு சேர்ப்பதே அவர் ஏற்ற பணி. ஆகவே அவர் தனியே புறப்பட்டார். கங்கைக் கரை வழியாகக் கிழக்கே சென்று தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்து, அங்கு இரண்டு ஆண்டுகள் சுவடிகளைப் படியெடுப்பதிலும் திருவுருவங்களை வரைவதிலும் ஈடுபட்டார்.

இலங்கையில் கண்ட விசிறி

தாமிரலிப்தியில் வணிகக் கப்பலேறிய பாகியான் பதினான்கு நாள்களில் இலங்கையை அடைந்தார். அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஐயாயிரம் துறவியர் இருந்தனர். அங்குப் பச்சைக்கல்லால் ஆன உயரமான புத்தர் சிலை ஒன்று இருந்தது. ஒருநாள் அச்சிலையின் முன் வணிகர் ஒருவர் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தார். அது சீனாவில் செய்யப்பட்ட விசிறி.

பாலையிலும் பனியிலும் தளராத பாகியான் அவ்விசிறியைக் கண்டு கலங்கினார். தாய்நாட்டைப் பிரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழகியவர் அனைவரும் அயலார். கண்ட மலைகளும் மரங்களும் ஆறுகளும் அறியாதவை. உடன்வந்தோருள் சிலர் இறந்தனர், சிலர் பிரிந்தனர். தம் நிழலைத் தவிர அவருக்குத் துணையில்லை. கண்களில் நீர் பெருகியதைப் பின்னாளில் தம் நூலில் அவர் வெளிப்படையாக எழுதினார். அறிவுத்தேடல் மனிதரிடம் எத்தகைய விலையைப் பெறுகிறது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இலங்கையிலும் இரண்டு ஆண்டுகள் தங்கிய அவர், சீனாவில் அதுவரை கிடைக்காத மகீசாசகப் பிரிவின் விநய நூலையும் வேறு ஆகம நூல்களையும் பெற்றார்.

கடல் காட்டிய சோதனை

இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பயணம் செய்த பெரிய வணிகக் கப்பலில் பாகியான் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். சில நாள்களில் பெரும்புயல் எழுந்தது. கப்பலில் நீர் புகுந்தது. வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறியத் தொடங்கினர். பாகியானும் தம் நீர்க்குடுவையையும் முகங்கழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். அடுத்துத் தம் நூல்களையும் திருவுருவங்களையும் வணிகர் எறிந்துவிடுவார்களோ என்னும் அச்சமே அவரை வாட்டியது. உயிரைவிட ஏடுகளுக்கே அவர் அஞ்சினார். பதின்மூன்று நாள்களுக்குப் பின் ஒரு தீவை அடைந்து கப்பலைச் செப்பனிட்டனர். தொண்ணூறு நாள்கள் கடந்து யவத்வீபம் என்று அவர் குறிப்பிடும் தீவை அடைந்தனர். அது இன்றைய சாவகம் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஐந்து மாதம் அங்குத் தங்கியபின், ஐம்பது நாள்களுக்கு வேண்டிய உணவுடன் வேறொரு கப்பலில் புறப்பட்டார். மீண்டும் புயல் வீசியது. கப்பலில் இருந்த சிலர், இத்துறவி உடனிருப்பதே துன்பத்திற்குக் காரணம் என்று கருதி, அவரை ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிட எண்ணினர். பாகியானுக்கு ஆதரவளித்து வந்த பயணி ஒருவர் எழுந்து, அவரை இறக்குவதாயின் தம்மையும் இறக்க வேண்டும் என்றும், இச்செயலைச் சீன அரசரிடம் முறையிடுவேன் என்றும் தடுத்தார். கப்பல் வழிதவறியது, குடிநீர் குறைந்தது. இறுதியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள லாவோஷான் கடற்கரையில் கரையேறினர். எந்நாட்டிற்கு வந்திருக்கிறோம் என்பதும் முதலில் தெரியவில்லை. கரையில் வளர்ந்திருந்த, தமக்குப் பழக்கமான கீரைச்செடிகளைக் கண்டபிறகே தாய்மண்ணை அடைந்ததைப் பாகியான் உணர்ந்தார். அது கி.பி. 412ஆம் ஆண்டு. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

நினைவை எழுத்தாக்குதல்

சாங்கானுக்குத் திரும்பிப் பழைய நண்பர்களைக் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும் கொண்டுவந்த நூல்களை மொழிபெயர்க்கும் பணி அவரைத் தெற்கே இருந்த தலைநகரான ஜியான்காங்கிற்கு இட்டுச் சென்றது. அதுவே இன்றைய நான்ஜிங். அங்கு இந்தியத் துறவி புத்தபத்திரருடன் இணைந்து மகாசாங்கிக விநயத்தைச் சீன மொழியில் பெயர்த்தார்.

அக்காலத்திலேயே, கி.பி. 414ஆம் ஆண்டில், தம் பயணத்தைச் சுருக்கமாக எழுதினார். பின்னர் 416ஆம் ஆண்டில் அவரைச் சந்தித்த ஒருவர், விட்டுப்போன செய்திகளையும் விரித்துரைக்குமாறு வேண்டினார். பாகியான் இசைந்தார். கடந்து வந்த இடர்களை மீண்டும் எண்ணும்போது நெஞ்சு படபடத்து உடல் வியர்ப்பதாக அவர் தெரிவித்தார். நடந்தபோது தோன்றாத அச்சம் நினைத்தபோது தோன்றியது. நடக்கும்போது நோக்கம் ஒன்றே அவர் முன் நின்றது. எழுதும்போதுதான் எத்தகைய வழியில் வந்தோம் என்பதை அவர் முழுமையாகக் கண்டார். ஆறு ஆண்டுகள் நடந்து நடுநாட்டை அடைந்ததும், ஆறு ஆண்டுகள் அங்குத் தங்கியதும், மூன்று ஆண்டுகளில் திரும்பியதும், ஏறத்தாழ முப்பது நாடுகளைக் கண்டதும் அந்நூலில் இடம்பெற்றன. அந்நூல் 'புத்த நாடுகளின் பதிவு' என்று வழங்குகிறது.

அந்நூலின் தனிச்சிறப்பு அதன் நேர்மை. தென்னாட்டில் மலையைக் குடைந்து ஐந்து அடுக்குகளாக அமைத்த விகாரை ஒன்றைப் பற்றி அவர் எழுதுகிறார். ஆனால் வழி இடர்மிக்கது என்பதால் தாம் அங்குச் செல்லவில்லை என்றும், அந்நாட்டார் கூறியதையே எழுதுவதாகவும் சேர்த்தே சொல்கிறார். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துக் காட்டும் இப்பண்பே அவருடைய சொல்லுக்கு நம்பகத்தன்மையைத் தந்தது.

காலம் அளித்த பயன்

பாகியான் எண்பது வயதைக் கடந்து ஜிங்ஜோ நகரத்து மடம் ஒன்றில் மறைந்தார். இலங்கையிலிருந்து கொண்டுவந்த மகீசாசக விநயம் அவர் வாழ்நாளில் மொழிபெயர்க்கப்படவில்லை. அவர் மறைவுக்குப் பின்னரே புத்தஜீவர் என்னும் துறவியின் முயற்சியால் அது சீன மொழிக்குச் சென்றது. அவர் இந்தியாவில் இருந்த காலத்தில், கி.பி. 401இல் சாங்கானுக்கு வந்த குமாரஜீவர் முதலியோர் வேறொரு விநய நூலை மொழிபெயர்த்து முடித்திருந்தனர். எனவே, நூல் கொண்டுவந்தவர் என்ற முறையில் பாகியான் பலருள் ஒருவரே. பயணத்தை எழுதியவர் என்ற முறையில் அவர் முன்னோடியாக நிற்கிறார்.

அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் யுவான் சுவாங்கும், அவரைத் தொடர்ந்து இத்சிங்கும் இந்தியா வந்து தம் பயணங்களை எழுதினர். 1836இல் பாகியானின் நூல் பிரெஞ்சு மொழியிலும் 1869இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மண்மூடிப் பெயர் மறந்துபோயிருந்த பௌத்த ஊர்களைத் தேடிய அலெக்சாண்டர் கன்னிங்காம், சீனப் பயணிகள் குறித்த திசைகளையும் தொலைவுகளையும் துணையாகக் கொண்டார். சங்கிசா, சிராவஸ்தி முதலிய இடங்களை அடையாளங்காண அக்குறிப்புகள் உதவின. தம் நாட்டாருக்காக ஒரு முதியவர் எழுதிய நூல், பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இந்தியரின் வரலாற்றை இந்தியருக்கே மீட்டுத் தந்தது.

அந்நூல் அரசர் பெயர்களையும் போர்களையும் மையமாகக் கொண்டதன்று. ஒரு மருத்துவ நிலையம், ஒரு மரத்துண்டின் ஒலி, ஒரு பட்டு விசிறி, கரையில் வளர்ந்த கீரை ஆகியவை இருக்கின்றன. அவற்றின் வழியே ஒரு காலத்தின் வாழ்க்கை நமக்குத் தெரிகிறது. பாகியான் பயணத்தை முடித்ததோடு நின்றிருந்தால், அது அவருடைய அனுபவமாகவே முடிந்திருக்கும். முதுமையில் அதை மீண்டும் நினைந்து, மிகையின்றி எழுதியதனால் அது உலகின் உடைமையாயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ உள்ள முதியவர் ஒருவர் மேற்கொண்ட நெடும்பயணத்தைக் கேட்டறிந்து, அவர் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தனித்தனியே பிரித்து எழுதுக.

2. பாகியான் கடந்து சென்ற தரைவழியையும் கடல்வழியையும் நிலப்படத்தில் குறித்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. ஒரு நாட்டின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே பதிவு செய்யும் பயணநூலின் தேவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.